வீடியோ ஞாயிறு

போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு பெண்ணும் ஒரு பையனும் கேமராவோடு என் வீட்டுக்கு வந்தார்கள். என் அண்ணன் பாக்கியநாதனைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறார்களாம். ஓப்பநாயக்க டவுனில் புவாட் நானாவின் கடை மேல்மாடியில் கிடந்த கல்யாணக் கசெட்டுகளில் நாற்பதை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். "உங்க அண்ணன் சாதாரண ஆள் இல்ல அக்கா, அவருக்கு அவ்வளவு கற்பனை" என்றாள் அந்தப் பெண். நல்ல பிள்ளைதான். முகத்துக்குப் பவுடர் போடச் சொன்னாள், நான் மாட்டேன் என்றதும் விட்டுவிட்டாள்.

நாற்காலியில் உட்காரவைத்து, அண்ணனுக்கு இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். தெரிந்ததில் பாதியைச் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஓ.எல். வரைக்கும் படித்தவள். இருபது வருஷமாகத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்க்கிறேன். ஆயாவுக்கு என்ன எழுத வரும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தோட்டம் ஓப்பநாயக்கவிலிருந்து நாலு கட்டை, நாலு மைல் மேலே. அண்ணன் தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்தார். தொண்ணூற்றிரண்டில் புவாட் நானாவுக்கு அவர் மைத்துனி சவூதியிலிருந்து ஒரு வீடியோ கேமரா கொண்டுவந்து கொடுத்தாள். நானாவுக்குக் கை நடுங்கும், படம் எடுத்தால் நிலநடுக்கம் மாதிரி இருக்கும். ஏதோ சாமான் வாங்கப் போன அண்ணன் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார். "சும்மா கடையை எடு பார்ப்போம்" என்று நானா சொல்லியிருக்கிறார். அண்ணன் பத்து நிமிஷம் எடுத்தார். போட்டுப் பார்த்தால் கடை எங்குமே இல்லை. எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்ற ஒரு சிங்கள அம்மா, அவள் கையில் கிழிந்த குடை, பஸ் வந்ததும் அவசரத்தில் குடையை மறந்துவிட்டு ஏறுகிறாள், பஸ் போகிறது, குடை கிடக்கிறது. நானா தலையில் அடித்துக்கொண்டாராம். ஆனால் அதை மூன்று தடவை போட்டுப் பார்த்ததாகவும் அவரே சொன்னார். அடுத்த வாரமே கல்யாணம் எடுக்க அண்ணனை அனுப்பினார்.

அண்ணனின் தலைக்குள் ஒரு முழுப்படம் இருந்தது. 'இருபத்திரண்டாம் நம்பர் மலை' என்று பேர். கொழுந்தெடுக்க மலைக்கு ஏறுகிற ஒருத்தி திரும்பி வரவில்லை. ஆனால் அவள் கூடை மட்டும் தினமும் தராசுக்கு வந்துவிடுகிறது, கணக்கப்பிள்ளை யாரிடமும் சொல்லாமல் நிறுத்துக்கொண்டே இருக்கிறார். இதுதான் கதை. காலையில் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகிற வழியில், குழாயடியில், செத்தவீட்டில்கூட இதைச் சொல்லுவார். எடுக்க வசதி இல்லை. அதனால் ஊரார் கல்யாணத்துக்குள்ளே அதைத் துண்டு துண்டாக எடுத்து ஒளித்துவைத்தார். பொண்ணு தேயிலைச் செடிக்கு நடுவே தனியாக நடந்துபோவாள், மாப்பிள்ளையின் அப்பா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுவார், வெறும் கூடை ஒன்று ஆணியில் தொங்கும். "பந்தியை எடுக்கச் சொன்னா இவன் கூடையை எடுத்திருக்கான்" என்று ஏசாத வீடு இல்லை. ஏசிவிட்டு அடுத்த மகள் கல்யாணத்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கூத்துக்கு லைட் பிடித்தவர் என் புருஷன் ரெஜினோல்ட். ஃபெக்டரியில் அண்ணனோடு வேலை செய்தவர், நல்ல உயரம், அதிகம் பேசமாட்டார். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்கள் நிறையவற்றில் அப்போது கரண்ட் இல்லை. பன்னிரண்டு வோல்ட் பெட்டரி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு, வயர் சுருளையும் லைட்டையும் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் பின்னால் போவார். அண்ணன் வாய் திறக்கவே வேண்டாம், கேமரா திரும்புகிற பக்கம் வெளிச்சம் முன்கூட்டியே போய் நிற்கும். எங்கள் கல்யாணத்துக்கு மட்டும்தான் வேறு ஆள் லைட் பிடித்தான். எங்கள் முகம் ஒன்றும் விளங்காது.

வீடியோ ஞாயிறு என்று நாங்கள் சொல்லுவது என்னவென்று இங்கே சொல்லியாக வேண்டும். கொழும்புப் பிள்ளைக்கும் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் கல்யாணம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான், அன்றைக்குத்தான் லீவு. ஒரே நாளில் எல்லாம் நடக்க வேண்டும். மழை பெய்யும், பெட்டரி இறங்கும், மாமன்காரன் குடித்துவிட்டு கேமராவுக்கு முன்னால் விழுவான், தாலி கட்டுகிற நேரம் பார்த்து யாராவது தலையை நீட்டுவார்கள். கசெட்டோ இந்தியாவுக்குப் போக வேண்டியது. எங்களில் பாதிப் பேரின் அம்மா, அக்கா, சித்தப்பா எல்லாம் எங்கள் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பின பழைய ஒப்பந்தத்தில் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போய்ச் சேர்ந்தவர்கள். அவர்கள் பார்க்கப்போவது அந்த ஒரு கசெட்தான். ஆகவே அண்ணன் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொண்ணு மாப்பிள்ளை திரும்பவும் அதே உடுப்பை உடுத்த வேண்டும், நனைத்த சாக்கில் பொத்திவைத்த மாலையைப் போட வேண்டும், கெட்டுப்போன இடங்களை மட்டும் இன்னொரு தடவை எடுப்பார். தாலியைக் கழற்றச் சொல்லமாட்டார், மஞ்சள் கயிற்றுத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு கைகளை மட்டும் கிட்டத்தில் எடுப்பார். முதல் ஞாயிறு வந்தவர் யாராவது வேலைக்குத் திரும்பியிருந்தால் அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார். அப்புறம் இரண்டு ஞாயிறையும் நானாவின் கடையில் ஒன்றாக்குவார்.

எங்களுக்கு அது ஒரு சந்தோஷமான நாள். முதல் ஞாயிறு சமைத்தே செத்துப்போன பொம்பளைகள் இரண்டாம் ஞாயிறுதான் தலை சீவி வந்து நிற்பார்கள். நாலு வருஷத்தில் அது சீர் செய்கிற மாதிரி கட்டாயமாகிவிட்டது. அது பொய் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. நடந்த கல்யாணம்தானே, நடந்தது நல்லாத் தெரியட்டுமே என்றுதான் நினைத்தோம்.

தொண்ணூற்றேழு ஜூன் எட்டாம் தேதி, ஞாயிறு, கலைச்செல்விக்குக் கல்யாணம். எங்கள் லயத்திலேயே மூன்றாம் காம்பரா. முகூர்த்தம் காலை பத்துக்கு. ரெஜினோல்ட் விடியற்காலையிலிருந்து அங்கேயே நின்றார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் லைட் பிடிப்பதைப் பார்த்தேன், அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய் கொடுத்தேன். அதே பத்து மணிக்கு, பதினைந்து கட்டைக்கு அப்பால், பெரிய ரோட்டு ஓரத்தில் யாரோ வைத்த குண்டில் ஒரு டிரான்ஸ்ஃபோர்மர் வெடித்தது. காவலுக்கு இருந்த ஒருவர் செத்துப்போனார். எங்களுக்கு அது சாயந்தரம் ரேடியோவில்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு, பதினைந்தாம் தேதி, வீடியோ ஞாயிறு. தாலித் தட்டை எல்லோரிடமும் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோன கலைச்செல்வியின் அண்ணன் கொழும்புக் கடைக்குத் திரும்பிப் போய்விட்டான். அண்ணன் லைட்டை ஒரு முக்காலியில் கட்டிவைத்துவிட்டு, "மச்சான், நீங்க தட்டைப் பிடிங்க" என்றார். ரெஜினோல்ட் மாட்டேன் மாட்டேன் என்று பின்னால் போனார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கேலி செய்து அவரைத் தள்ளிவிட்டோம். கடன் வாங்கிய பட்டுச் சட்டையில், தட்டைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து வெட்கத்தில் சிரித்தார். படத்தில் அது பதினொரு செக்கன் ஓடும்.

அதற்கு ஒன்பதாம் நாள், லைட் வேலை செய்யவில்லை என்று அவர் அதை டவுனுக்குக் கொண்டுபோனார். வழியில் பொலிஸ்காரர்கள் பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். பையில் பெட்டரி, நாற்பது அடி வயர், கிளிப். அடையாள அட்டை இல்லை. எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அப்போது அட்டை கிடையாது. கல்யாணத்துக்கு லைட் பிடிக்கிற சாமான் என்று நல்ல சிங்களத்தில்தான் சொல்லியிருக்கிறார். பிடித்துக்கொண்டு போய் இரண்டு மாதம் கழித்துத்தான் என்னைப் பார்க்கவிட்டார்கள். அதற்குள், டிரான்ஸ்ஃபோர்மருக்குக் குண்டு வைத்தது தான்தான் என்று சிங்களத்தில் எழுதிய ஒரு வாக்குமூலத்தில் அவர் கையெழுத்து இருந்தது. பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. இடது கையை மேசைக்கு மேலே எடுக்கவே இல்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் உள்ளே வைத்திருந்த பிறகு வழக்கு வந்தது. கேகாலையிலிருந்து ஒரு சட்டத்தரணி வந்தார், சிங்கள ஆள், மனுஷத்தனம் உள்ளவர். தோட்டத்தில் முப்பது பேர் சாட்சி சொல்லத் தயாராக இருந்தோம். அவர் பிரயோசனமில்லை என்று தலையை ஆட்டினார்.

"நீங்க எல்லாம் சொந்தக்காரங்க, ஒரே லயம். ஒரே மாதிரித்தான் சொல்லுவீங்கன்னு அவங்களுக்குத் தெரியும். வாயால சொல்றது போதாது, ஏதாவது ஒரு பொருள் வேணும்" என்றார்.

எனக்கு உடனே கசெட் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அது வேணாம் மெரினா. மச்சான் முகம் வர்ற இடம் ரெண்டாவது ஞாயிறு எடுத்தது. நாங்க கூண்டுல ஏறி உள்ளதைச் சொல்லுவோம்."

"எந்த ஞாயிறா இருந்தா என்னா? அவரு அன்னைக்கு அங்க இருந்தாரா இல்லியா?"

"இருந்தாரு."

"அப்பறம் என்னா?"

"படத்துல இருக்கறது அன்னைக்கு இல்லியே."

அதுவரை நான் அண்ணனை நீங்க என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு மாறிப்போனது. "ஊரு கல்யாணத்தை எல்லாம் உன் இஷ்டத்துக்கு மாத்தி எடுத்தியே, அப்ப எங்க போச்சு இந்த நேர்மை? என் புருஷன்னதும் வந்துருச்சா?" என்று லயம் கேட்கக் கத்தினேன். கலைச்செல்வி ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். அண்ணன் கசெட்டை எடுத்துக் கொடுத்தார். சட்டத்தரணி என்னிடம், "இது அந்தக் கல்யாணம்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தெரியாமல் சொன்னேன் என்று இப்போது பொய் சொல்லமாட்டேன். தெரிந்துதான் சொன்னேன்.

கோர்ட்டுக்குள் டி.வி.யும் டெக்கும் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் தடவை போட்டபோது நீதிபதி கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். கல்யாணம் பார்க்கிற மனுஷன் முகம்தான் அவருக்கு இருந்தது. ரெஜினோல்ட் தட்டோடு வந்து சிரித்ததும் பெஞ்சில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் மூச்சு விட்டார்கள். அவர் கூண்டுக்குள் நின்றுகொண்டு தன்னையே டி.வி.யில் பார்த்தார். எங்கள் சட்டத்தரணி என் பக்கம் திரும்பி மெதுவாகத் தலையசைத்தார். பையோடு நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நான் மனசுக்குள் காம்பராவைக் கூட்டிப் பெருக்கத் தொடங்கிவிட்டேன்.

அரச சட்டத்தரணி எழும்பினார். வயது குறைவு. சத்தமே போடாமல், பொண்ணை அழைத்து வருகிற இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். வாசல், இரண்டு பக்கமும் வாழைமரம், குலை தள்ளியது. பிறகு ரெஜினோல்ட் சிரிக்கிற இடத்தைப் போட்டு நிறுத்தச் சொன்னார். அவர் தோளுக்குப் பின்னால் அதே வாசல், அதே வாழைமரம். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார். அவரும் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

"மேக இதிலா நே" என்றார். இது பழுத்திருக்கே.

காலையில் பச்சையாக இருந்த குலை. தாலி ஆசீர்வாதம் நடக்கிற அரை மணி நேரத்துக்குள் மஞ்சளாகப் பழுத்து, இலை காய்ந்து தொங்குகிறது. இரண்டாம் ஞாயிறு எடுக்கும்போது அண்ணன் எப்போதும் வாழைமரத்தை விட்டுவிட்டுத்தான் எடுப்பார். அதில் அவர் கெட்டிக்காரர். அன்றைக்கு ரெஜினோல்ட் வெட்கத்தில் இரண்டு எட்டு இடதுபக்கம் நகர்ந்துவிட்டார். நிறுத்து என்று அண்ணன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு அவ்வளவு நன்றாக இருந்ததாம். பிறகு அவரே என்னிடம் சொன்னது.

அண்ணனைத் திரும்பவும் கூண்டில் ஏற்றினார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றுவிட்டார், அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நீதிபதியைக் கூப்பிடுகிற 'ஸ்வாமீனி'யை மட்டும் அப்படியே விட்டு, நடந்ததை எனக்கு விளங்கின மாதிரி தமிழில் எழுதுகிறேன்.

"இந்தக் கல்யாணத்தை ரெண்டு தடவை நடத்தினீங்களா?" என்று நீதிபதியே கேட்டார்.

"ஆமா ஸ்வாமீனி. ஒரு வாரம் கழிச்சு."

"ஏன்?"

"மொதல் தடவை நல்லா வரல."

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பொலிஸ்காரர், கிளார்க், எல்லோரும். அண்ணன் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றார். அப்புறம் அவருக்கு என்ன வந்ததோ, டி.வி. பக்கம் கையை நீட்டிப் பேச ஆரம்பித்தார்.

"ஸ்வாமீனி, அந்த ஒரு எடத்தை விடுங்க. மிச்சம் எல்லாம் அன்னைக்கு எடுத்தது. அதைப் பாருங்க. அந்த வெளிச்சம் பூராவும் இவருதான். பொண்ணு குனியுறப்ப வெளிச்சமும் குனியுது பாருங்க. பெரியவர் கண் கூசுதுன்னு லைட்டை ஒதுக்கிக்கிறாரு பாருங்க. இவ்வளவு உயரத்துல இருந்து வேற யாரும் பிடிக்க முடியாது. இந்தப் பக்கத்துலயே இப்படி லைட் பிடிக்கிற ஆள் இவரு ஒருத்தருதான்."

நீதிபதி பொறுமையாகத்தான் கேட்டார். "முகம் எங்கேயாவது தெரிகிறதா? ஒரு கை? ஒரு விரல்?"

அண்ணன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு எடத்துல வந்துச்சு. வயர்ல கால் சிக்கி மணவறைக்குப் பின்னால வந்து நின்னுட்டாரு. மாப்பிள்ளை தாலி கட்டுறாரு, பின்னால இவரு முகம் முழுசாத் தெரிஞ்சுச்சு."

"அது எங்கே?"

"எடுத்த கசெட்டுல இருந்து இதுக்கு ஏத்தும்போது விட்டுட்டேன்."

"ஏன்?"

"லைட்காரன் படத்துல வரக் கூடாது ஸ்வாமீனி. அது பிழை."

"அந்த முதல் கசெட் இருக்கிறதா?"

"அதுல வேற கல்யாணம் எடுத்துட்டேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தாலி கட்டுகிற இடத்தில், பத்து மணிக்கு, என் புருஷனின் முழு முகம். அது இருந்திருக்கிறது. என் கூடப் பிறந்தவன் அதை எடுத்தும் இருக்கிறான், அழித்தும் இருக்கிறான். எனக்குத் தெரியாது, அன்றைக்குத்தான் கேட்டேன்.

கலைச்செல்வி அவர் அன்றைக்கு இருந்தார் என்று சத்தியம் செய்து சொல்லியிருந்தாள். கேமராவுக்காக இரண்டு தடவை கல்யாணம் செய்கிற ஆட்களின் சத்தியத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று அரச சட்டத்தரணி கேட்டார். முப்பது பேர் சொன்னதும் ஒன்றுமில்லாமல் போனது. வாக்குமூலம் மட்டும் நின்றது. இரண்டாயிரமாம் ஆண்டு பெப்ரவரியில் பன்னிரண்டு வருஷம் என்று தீர்ப்பு வந்தது.

ஐந்து வருஷம் நான் அண்ணனோடு பேசவில்லை. பத்து எட்டில் அவர் காம்பரா. மகளின் ஸ்கூல் கொப்பிக்கு அட்டை போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார். எடுத்துக்கொள்வேன், முகத்தைப் பார்க்கமாட்டேன். அவரும் மாறிப்போனார். வீடியோ ஞாயிறு அத்தோடு நின்றது. கேமராவில் தேதியும் நேரமும் விழுகிற பொத்தானை அழுத்திவிட்டு, ஒரு மூலையில் நின்று, நடப்பதை நடந்தபடி எடுத்தார். முன்னால் தலை நீட்டினால் தலைதான், விழுந்தால் விழுந்ததுதான். கூடையும் குடையும் போனது. இருபத்திரண்டாம் நம்பர் மலையைப் பற்றி யாராவது கிண்டலாகக் கேட்டால், "எது?" என்பார். ஆட்கள் வேறு கேமராக்காரர்களைத் தேடிப் போனார்கள். கொழும்புப் பிள்ளை இதைக் கவனித்திருக்கிறாள். பிற்காலத்தில் அண்ணன் அலங்காரம் எல்லாம் விட்டு வேறொரு பாணிக்கு வந்துவிட்டார் என்றாள். பாணியாம். பயந்துபோன மனுஷன் அம்மா அது.

ரெஜினோல்டை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். ஒரு தடவை நான் அண்ணனைத் திட்ட ஆரம்பித்தேன். "விடு மெரினா. எடம் மாறி நின்னது நான்தானே. அவரு ஒழுங்காத்தான் நிக்கச் சொன்னாரு" என்றார். கசெட்டைக் கொண்டுபோனது யார் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. அண்ணன்தான் என்று நினைத்திருந்தார். நான் என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. அண்ணன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி என்மேல் இருந்த கோபம்தான். அதை அப்போது ஒத்துக்கொள்ளத் தைரியம் இல்லை.

இரண்டாயிரத்து ஐந்து ஓகஸ்டில் தோட்டத்து ஒஃபீசுக்குச் சிறையிலிருந்து ஒரு செய்தி வந்தது. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டாராம். இரண்டு நாள் கழித்து வேனில் பெட்டி வந்தது. நாலு பக்கமும் சீல். திறக்கக் கூடாது என்று ஒரு கடிதமும், கூடவே ஒரு பொலிஸ்காரரும். பெட்டிமேல் கைவைத்துப் பார்த்தேன். உள்ளே அவர்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த உயரமான மனுஷனுக்கு அந்தப் பெட்டி கட்டையாக இருந்தது மாதிரி எனக்குப் பட்டது. அதை யாரிடம் கேட்பது?

மாமியார் சூசையம்மா கோத்தகிரியில் இருந்தார். எழுபத்தைந்தில் மற்றப் பிள்ளைகளோடு கப்பலேறியவர். மூத்த மகன் ரெஜினோல்டின் பத்திரம் சரிவரவில்லை என்று அவரைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போனவர், திரும்ப மகனைப் பார்க்கவே இல்லை. புவாட் நானா கடையிலிருந்து போன் பண்ணிச் சொன்னேன். அழுது முடித்துவிட்டு, "மொகத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பு தாயி, ஒருக்கா பாத்துக்கிறேன்" என்றார். நான் சரி என்றேன். அப்போது பெட்டி வந்திருக்கவில்லை.

அடக்கத்துக்கு அண்ணன் கேமராவோடு வந்தார். நான் வரவேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. உபதேசியார் ஜெபம் படித்தார். அண்ணன் பெட்டியின் தலைமாட்டுக்குக் கேமராவைக் கொண்டுபோனார், வழக்கமாக முகத்தை எடுக்கிற இடம். பலகையை எடுத்தார். ரொம்ப நேரம் பலகையையே எடுத்துக்கொண்டு நின்றார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது, யாரோ கேமராவை வாங்கிக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் ஜெபம் முடிந்து, நானே அவர் காம்பராவுக்குப் போனேன். கலைச்செல்வியிடம் இருந்த கல்யாணக் கசெட்டைக் கேட்டு வாங்கிப் போயிருந்தேன். கோர்ட்டில் இருந்தது ஒன்று, இது அவள் வீட்டுக் கசெட்.

"அண்ணே, அந்தம்மா மொகம் கேக்குறாங்க" என்றேன். ஐந்து வருஷத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் கசெட்டைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு எழும்பினார்.

புவாட் நானா கடையின் மேல்மாடியில் இரண்டு டெக், ஒரு டி.வி. பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அடக்கத்தில் எடுத்ததை ஏற்றினார். ஜெபம், பெட்டி, பலகை, மண். அதற்குப் பின்னால் அந்தப் பதினொரு செக்கனை வைத்தார். ரெஜினோல்டின் முகம் தெரிகிற படம் உலகத்திலேயே அவ்வளவுதான். எங்கள் கல்யாணக் கசெட்டில் முகம் விளங்காது, வேறு எல்லாவற்றிலும் அவர் லைட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறார். எங்களைக் கெடுத்த அந்தப் பொய்யை விட்டால் என் மகளுக்குக் காட்ட அப்பாவின் முகம் கிடையாது. பாவி மனுஷன், எவ்வளவு அழகாக எடுத்திருந்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது, இரண்டையும் அடக்கவில்லை.

அடக்கத்துத் துண்டு முழுக்க மூலையில் தேதி இருந்தது. கல்யாணத் துண்டில் இல்லை. அண்ணன் அப்போதெல்லாம் தேதி இல்லாமல் எதையும் வெளியே விடுவதில்லை. எழுத்துப் போடுகிற மெஷினை இழுத்து வைத்துக்கொண்டார். விரலைப் பொத்தானில் வைத்தவர் அழுத்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலை முழுக்க நரைத்துப்போயிருந்தது, அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"எந்தத் தேதி போடட்டும் மெரினா?"

பதினைந்து என்பதுதான் சரி. அன்றைக்குத்தான் எடுத்தது, அதை ஒரு நீதிபதியே பார்த்துச் சொல்லிவிட்டார்.

"எட்டு போடுங்க" என்றேன்.

அவர் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். டி.வி.யில் ரெஜினோல்ட் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோளுக்குப் பின்னால் பழுத்த வாழைக்குலை, கீழே 8.6.1997. அப்படியே கோத்தகிரிக்கு அனுப்பினோம்.